கலந்துரையாடல் நடந்தது

கூட்டங்களில் தட்டும் மரச்சுத்தியல் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்துவிட்டால் மீதி தானாகப் புரியும்.

பிர்ச் மரத்தில் கடைந்த சிறிய சுத்தியல் அது. ஒரு நடுத்தர ஆப்பிளின் எடை இருக்கும். தலைவர் தீர்மானத்தைப் படிப்பார். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார். நாங்கள் பின்லாந்துக்காரர்கள், மேசையைப் பார்ப்போம். தலைவர் மூன்று விநாடி காத்திருப்பார். பிறகு டொக். அந்தச் சத்தத்துக்கு முந்தைய நொடிவரை அது ஒரு யோசனை. அடுத்த நொடியிலிருந்து அது முடிவு. நான் குழாய்களோடும் பம்புகளோடும் வாழ்ந்தவன். இவ்வளவு சுத்தமாக மூடுகிற ஒருவழி வால்வை எந்தக் கம்பெனியும் செய்து நான் பார்த்ததில்லை. ஒரு சொட்டுகூடத் திரும்பி வராது.

என் பெயர் இல்க்கா. கிழக்கே ஓர் ஏரி நகரத்தின் குடிநீர் நிறுவனத்தில் மூன்று வருடமாகத் தற்காலிக இயக்குநராக இருந்தேன். பக்கத்து ஊர்களின் நிறுவனங்கள் எங்களோடு இணைந்தபோது நிரந்தர இயக்குநருக்கு எம்பிஏ கட்டாயம் என்று விதி எழுதினார்கள். தண்ணீர் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்த விதியில் இல்லை. மறந்துவிட்டார்களோ என்று கேட்டேன். மறக்கவில்லையாம்.

அதனால் நாற்பத்தேழாவது வயதில், நான் பொறியியல் படித்த அதே பல்கலைக்கழகத்துக்கே எம்பிஏ படிக்கத் திரும்பிப் போனேன். சனிக்கிழமை வகுப்புகள், இரண்டு வருடம்.

நான் மறந்திருந்த என் மாணவர் எண்ணைப் பல்கலைக்கழகத்தின் கணினி மறக்கவில்லை. பழைய எண்ணையே தூசி தட்டி எடுத்துக் கொடுத்தது. மிச்சப்படுத்தும் நல்ல பழக்கம் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் படிப்பு ஆலோசகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் மருத்துவமனைக் கனிவு.

"இல்க்கா, இப்ப பேச வசதிப்படுமா? நீங்க இங்க படிக்க ஆரம்பிச்சு இருபத்தெட்டு வருஷம் ஆயிடுச்சு. இந்தப் படிப்புக்கு இலக்கு ரெண்டு வருஷம். ஏதாவது மனசுல கஷ்டமா?"

"நான் அப்பவே ஒரு பட்டம் வாங்கிட்டேங்க. நடுவுல வேலை பாத்தேன்."

"வேலை பாத்தீங்க. சரி. அதைத் 'தடங்கல்'னு போட்டுக்கறேன். தடங்கல் இப்ப தீர்ந்துடுச்சா?"

"தீரலைங்க. திங்கக்கிழமை எட்டு மணிக்குப் போகணும்."

அவர் பெருமூச்சு விட்டார். "நான் ஏன் கேக்கறேன்னா, உங்க வகுப்புல பதினாலு பேர். உங்களை விட்டுட்டா சராசரி ரெண்டு வருஷம். உங்களைச் சேத்தா கிட்டத்தட்ட நாலு. துணைவேந்தர் இதைப் படமாப் போட்டுக் காட்டுவார். உங்களைக் குத்தம் சொல்லல. கோடு கீழ இறங்கற இடத்துல உங்களால ஒரு மேடு எழும்புது, அவ்வளவுதான்."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். மனநல நிபுணரின் எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பி வைத்தார்.

நான் பாய்ம இயக்கவியல் படித்த அறை இப்போது 'சந்திப்புச் சதுக்கம்'. பஞ்சுமூட்டை இருக்கைகள் போட்டிருந்தார்கள். ஒரு முறை உட்கார்ந்தால் துணையில்லாமல் எழ முடியாது. கட்டடத்தில் மாறாதது ஒன்றுதான். அடித்தளத்தில் இருந்த கண்ணாடிக் கால்வாய்.

இருபத்தெட்டு மீட்டர் நீளம், இடுப்பளவு உயரம், இரண்டு பக்கமும் கண்ணாடி. ஒரு முனையில் பம்பு தண்ணீரைத் தள்ளும், மறு முனையில் அது தொட்டிக்குத் திரும்பும். நடுவில் மதகு, பாலம், மடை எதை வேண்டுமானாலும் சிறிதாகச் செய்து வைக்கலாம். ஊருக்கு நடுவில் வெள்ளம் வந்தபின் தெரிந்துகொள்வதை இங்கே வெள்ளம் வரும் முன்பே தெரிந்துகொள்ளலாம். பள்ளிக்கூடச் சாலையின் அடியில் நாங்கள் போட்ட மடை இந்தக் கால்வாயில்தான் முதலில் தோற்றது. இங்கே தோற்றதால் அங்கே தோற்கவில்லை.

அதைக் கவனித்துக்கொள்பவள் மர்யுத். என்னோடு படித்தவள். எல்லோரும் வெளியே போனோம், அவள் ஆய்வுக்கூடப் பொறியாளராக அங்கேயே தங்கிவிட்டாள். ஒரு காலத்தில் ஒன்பது பேர் இருந்த இடத்தில் இப்போது அவள் மட்டும். மாணவர் காலத்து ஆரஞ்சு நிற மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அதில் தைத்த மாணவர் விழாத் துணிச் சின்னங்களோடு, கால்வாய்க்குள் இறங்கிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வாடா முதலாளி," என்றாள். "மேல என்ன சொல்லித் தர்றாங்க?"

"கூட்டம் நடத்த."

"இருபது வருஷமா கூட்டத்துல உக்காந்து தூங்கினியே, அதுக்கு முன் அனுபவ மதிப்பெண் கிடையாதா?"

ஏலக்காய் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தாள். ஆய்வுக்கூடத்தை மூடும் தீர்மானம், பொறியியல் துறைகளை ஆளும் புல மன்றத்தின் கூட்ட நிரலில் பதினொரு முறை வந்துவிட்டதாம். பதினொரு முறையும் போதுமான உறுப்பினர்கள் வராததால் கோரம் இல்லாமல் தள்ளிப்போனதாம்.

"இந்த பம்பு மின்சாரத்துல ஓடுதுன்னு நினைச்சியா? அவங்க வராததுல ஓடுது," என்றாள். சிரித்தாள். பிறகு ரொட்டியின் சர்க்கரைத் துகள்களை மேலங்கியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். "எனக்கு அம்பதுகூட ஆகல இன்னும். இதை விட்டா இந்த நாட்டுல வேற கால்வாய் ரெண்டே ரெண்டு. அங்கயும் ஆள் இருக்காங்க."

வசந்தப் பருவத்தில் 'பொறுப்புள்ள முடிவெடுத்தல்' என்ற பாடம் தொடங்கியது. நடத்தியவர் எம்பிஏ திட்டத்தின் தலைவர் ரௌனோ. இங்கே எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். இருந்தாலும் "என்னை ரௌனோன்னே கூப்பிடுங்க" என்று அவர் முதல் வகுப்பில் நான்கு முறை அனுமதி அளித்தார்.

"நண்பர்களே," என்றார், "உள்ளடக்கம் பழசாயிடும். வடிவம் பழசாகாது. அதனால இந்தப் பள்ளியில உள்ளடக்கத்தை மூணு வருஷம் முன்னாடியே நிறுத்திட்டோம். நல்ல முடிவா கெட்ட முடிவான்னு யாராலயும் சொல்ல முடியாது, அது அவரவர் கருத்து. ஆனா சரியா எடுத்த முடிவா இல்லையான்னு என்னால ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியும். நான் இருபது வருஷமா முடிவு எடுக்கறேன். என்ன முடிவுன்னு ஒண்ணுகூட ஞாபகமில்ல. ஒண்ணுலயும் தப்பு இல்ல."

கைதட்டினோம்.

பாடத்தின் முக்கியப் பகுதி ஒரு கூட்டம். நிஜம் போலவே இருக்க வேண்டும் என்று ரௌனோ சொன்னார். நிஜமான அழைப்புக் கடிதம், நிஜமான தலைப்புத்தாள். 'பயிற்சி' என்ற சொல் எங்கும் வரக் கூடாது, அந்தச் சொல் வந்தாலே ஆட்கள் அலட்சியமாகிவிடுவார்கள். விவாதப் பொருளும் நிஜமாக இருக்கட்டும் என்று அலுவலக இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தார். மன்றத்தில் ரொம்ப நாளாக நிலுவையில் இருப்பதாம். கூட்ட நிரலில் ஏழாவது இனம்: நீரியல் ஆய்வுக்கூடத்தின் செயல்பாட்டை முடித்துக்கொள்ளுதல்.

வங்கியில் வேலை பார்க்கும் சென்னி என்ற இருபத்தொன்பது வயதுப் பெண்ணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தோம். லாரிக் கம்பெனியிலிருந்து வந்த ஏலிஸ் செயலர். கூட்டக் குறிப்பைச் சரிபார்க்க வழக்கம்போல இரண்டு பேர். ஒருவர் பல் மருத்துவமனை மேலாளர், இன்னொருவர் நான். சரிபார்ப்பவரின் வேலை எளிது. குறிப்பில் எழுதியிருப்பதும் அறையில் நடந்ததும் ஒன்றுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் கிடையாது.

சென்னி தீர்மானத்தைப் படித்தாள். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

எனக்குச் சொல்ல இருந்தது. ஆனால் இது பாடம், பாடத்தில் போய் எதற்கு என்று ஒரு எண்ணம். அடுத்த இனம் காப்பி என்பதும் தெரியும். மேசையைப் பார்த்தேன். நல்ல மேசை, ஓக் மரப் பூச்சு. பதின்மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டொக்.

மறுநாள் ஏலிஸ் குறிப்பை அனுப்பினான். ஏழாவது இனத்தின் கீழ் 'கலந்துரையாடல் நடந்தது. தீர்மானம் ஒருமனதாக ஏற்கப்பட்டது' என்று இருந்தது. எல்லாக் குறிப்பிலும் இருக்கும் வரிதான். கையெழுத்துப் போட்டேன்.

இனி பதிவறை எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வரும் எந்தக் காகிதத்துக்கும் பதிவறை ஓர் எண் கொடுக்கும். எண் கொடுப்பவர் காகிதத்தைப் படிப்பதில்லை, படித்தால் பாரபட்சம் வந்துவிடும். எண் விழுந்துவிட்டால் காகிதம் உயிர் பெற்றுவிடும். அது தானாக அடுத்த மேசைக்குப் போகும், அந்த மேசைக்காரர் தன் வேலையைச் செய்து அடுத்த மேசைக்கு அனுப்புவார். எங்கள் கூட்டக் குறிப்பின் அழகில் மயங்கிய ரௌனோ, 'இப்படி எழுதப் பழகுங்கள்' என்று புல அலுவலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார். அது பதிவறை வழியாகப் போயிருக்கிறது.

ஐந்து வாரம் கழித்து மர்யுத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"டேய் இல்க்கா. எனக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு. வேலை முடிவுக்கு வருதாம். பின்னாடி ஒரு மினிட்ஸ் இணைச்சிருக்காங்க."

"கோரம் சேந்துடுச்சா?"

"சேந்திருக்கு. பதினாலு பேர் வந்திருக்காங்க." காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "கடைசியில ரெண்டு கையெழுத்து. ஒண்ணு யாரோ பல் டாக்டர் ஆபீஸ். இன்னொண்ணு கோணலா, எல்லுக்கு வால் நீட்டி. அந்த வாலை நான் உன்னோட ஆய்வக நோட்டுல நாலு வருஷம் பாத்திருக்கேன்."

நான் அன்று மதியமே விடுப்புப் போட்டுவிட்டுப் பல்கலைக்கழகச் சட்ட அலுவலரைப் பார்க்கப் போனேன். அன்னுக்கா என்று பெயர். அறிவும் அனுதாபமும் நிறைந்தவர். குறிப்பைக் கண்ணாடித்தாள் உறைக்குள் வைத்திருந்தார்.

"இதை மூணு தடவை படிச்சேன்," என்றார். "ஆறு வருஷத்துல இவ்வளவு அழகா ஒண்ணு என் மேசைக்கு வரல. அழைப்பு சரியான நாள்ல போயிருக்கு. கோரம் இருக்கு. ரெண்டு பேர் சரிபாத்திருக்காங்க. மன்றம் பதினொரு தடவை முக்கியும் முடியாததை நீங்க தொண்ணூறு நிமிஷத்துல முடிச்சிருக்கீங்க. வாழ்த்துகள்."

"அது பயிற்சிங்க! வகுப்புப் பயிற்சி!"

"அப்படி எந்த இடத்துல எழுதியிருக்கு?" என்று குறிப்பை என் பக்கம் திருப்பினார். உண்மையாகவே தேடினேன். எங்கும் இல்லை.

"நாங்க மன்றம் இல்லையே. மாணவருங்க."

"அதுவும் இதுல இல்ல. தலைப்புத்தாள் நம்மளோடது. பதிவு எண் இருக்கு. வடிவத்துல ஒரு தப்பு காட்டுங்க, இன்னிக்கே கிழிச்சுடறேன். நானும் அந்தக் கால்வாயைப் பாத்திருக்கேன், என் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். ஆனா அது உள்ளடக்கம். நான் உள்ளடக்கத்தைத் தொட முடியாது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். முடிவெடுத்த அதே அமைப்பு திரும்பக் கூடி அதை ரத்து பண்ணலாம்."

ரௌனோவிடம் சொன்னதும் மகிழ்ந்துபோனார். சிறப்புக் கூட்டம் என்பது பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்று, கூடுதல் மதிப்பெண் தருவதாகச் சொன்னார்.

கூட்டத்துக்கு முன் காப்பி. பதின்மூன்று பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன். என் வாழ்க்கையில் ஒரே நாளில் அத்தனை பேரிடம் பேசியதில்லை.

"அநியாயம் இது," என்றாள் சென்னி. "ஒருத்தங்க வேலை போகும்னு யாருக்குத் தெரியும்? நான் முழுசா உங்க பக்கம்."

"எங்க ஊர்ப் பாலத்தையே அங்கதான் சோதிச்சாங்க," என்றான் ஏலிஸ். "கவலைப்படாதீங்க இல்க்கா. எல்லாரும் உங்க பக்கம்தான்."

பல் மருத்துவமனை மேலாளர் என் கையைப் பிடித்து அழுத்தினார். யாரும் யார் கையையும் அப்படிப் பிடிக்காத ஊர் எங்களுடையது.

மர்யுத் சம்பந்தப்பட்ட தரப்பு என்பதால் அறைக்குள் இருக்கக் கூடாது. சந்திப்புச் சதுக்கத்தில் ஒரு பஞ்சுமூட்டையில் மூழ்கிக் காத்திருந்தாள். ஆரஞ்சு மேலங்கியிலேயே வந்திருந்தாள்.

நான் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். கால்வாயில் தண்ணீர் எப்படி ஓடும் என்று சொன்னேன். மதகின் அடியிலிருந்து தண்ணீர் மெல்லிசாக, வேகமாக, கண்ணாடி போல் வழுவழுப்பாக வெளியே வரும். பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் ஓர் இடத்தில் எந்த அறிவிப்பும் இல்லாமல் எழும்பிக் குதித்து, நுரைத்து, சுழன்று உயரும். அதுவரை அது சேர்த்து வைத்திருந்த சக்தி முழுவதும் அங்கேதான் கொட்டும். அந்த இடத்தில் கல் பதித்திருந்தால் அணை நிற்கும். இல்லையென்றால் அடி அரித்துப் போகும். எந்த இடம் என்பதைக் கணக்குப் போட்டு ஓரளவு சொல்லலாம். பார்த்தால்தான் முழுக்கத் தெரியும். பார்ப்பதற்கு இந்தப் பகுதியில் இருப்பது ஒரே ஒரு கண்ணாடி, அதைத் துடைத்து வைத்திருப்பது ஒரே ஒரு ஆள். முடிவை ரத்து செய்ய முன்மொழிகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன். முதுகு நனைந்திருந்தது.

"நன்றி," என்றாள் சென்னி. அவள் கண் கலங்கியிருந்தது, அதை நான் பார்த்தேன். "முன்மொழிவை யாராவது வழிமொழியறீங்களா?"

வழிமொழிதல் எப்படி வேலை செய்கிறது என்றால், ஒருவர் சொன்னதை இன்னொருவர் 'ஆதரிக்கிறேன்' என்று ஒரு சொல்லால் தாங்க வேண்டும். தாங்க ஆள் இல்லையென்றால் முன்மொழிவு வாக்கெடுப்புக்கே போகாது, கீழே விழுந்துவிடும். ஒரே சொல். அதற்கு இரண்டு விநாடிகூட ஆகாது.

மேசையைப் பார்த்தார்கள்.

ஏலிஸ் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவர் பல் மருத்துவமனைக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்து அன்போடு தலையசைத்தார். அறையில் எல்லோரும் என் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அதனால் அதைச் சொல்லும் தேவை யாருக்கும் வரவில்லை. என் முன்மொழிவை நானே வழிமொழிய முடியாது. தலைவர் வழிமொழிவது முறையல்ல. சென்னி மூன்று விநாடிக்குப் பதிலாக ஏழு விநாடி காத்திருந்தாள். விதிக்குள் நின்றுகொண்டு அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

டொக்.

கோட்டு மாட்டும் இடத்தில் ஒவ்வொருவராக வந்து தோளைத் தட்டினார்கள்.

"அருமையாப் பேசினீங்க."

"எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துச்சு. யாராவது சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன்."

"என்ன ஆளுங்க இவங்க! ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்ல?" இதைச் சொன்னவனும் அறைக்குள் இருந்தவன்தான்.

மர்யுத்தைப் பஞ்சுமூட்டையிலிருந்து கை கொடுத்து எழுப்பினேன்.

"சத்தம் கேட்டுச்சு," என்றாள். "ஒரே ஒரு தட்டு. நல்லதா, கெட்டதா?"

நான் மேசையைத் தேடினேன். அங்கே மேசை இல்லை.

"சரி விடு," என்றாள். "தொட்டியைக் காலி பண்ண மூணு நாள் ஆகும். இன்னிக்கே ஆரம்பிச்சாதான் லெட்டர்ல சொன்ன தேதிக்கு முடியும்."

மறுநாள் காலை ஏலிஸின் குறிப்பு வந்தது. சமையலறையில் கம்பு ரொட்டியைத் தின்றுகொண்டே படித்தேன். 'மூன்றாவது இனம். கலந்துரையாடல் நடந்தது. இல்க்காவின் முன்மொழிவு, வழிமொழியப்படாததால் காலாவதியானது.' பன்னிரண்டு நிமிடமும் அந்த இரண்டு சொல்லுக்குள் போய்விட்டது.

பேனாவை எடுத்துவிட்டேன். மூடியையும் திறந்துவிட்டேன். குழாயில் தண்ணீரின் வேகத்தைக் காட்டும் ஓட்டமானியைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் எழுதுவேன். கலந்துரையாடல் என்றால் குறைந்தது இரண்டு பேர் பேச வேண்டும். நேற்று பேசியது ஒருவன். பழைய குறிப்பைக் கணினியில் தேடித் திறந்தேன். அதிலும் அதே வரி. அன்றைக்கு அந்த ஒருவன்கூடப் பேசவில்லை.

மர்யுத்தின் கடிதத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த அந்தக் குற்றமற்ற காகிதத்தில் ஒரு பொய் இருந்தது. அது உண்மை என்று சான்று அளித்தவன் நான்.

ரௌனோவின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். அவர் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று கதவிலேயே எழுதியிருந்தது.

"இல்க்கா, அந்த வரி இல்லாத மினிட்ஸ் இந்தக் கட்டடத்துல ஒண்ணுகூட கிடையாது. நடந்ததாலயா எழுதறோம்? நடந்திருந்தா நல்லா இருந்திருக்குமேன்னு எழுதறோம். அது ஒரு மரியாதை. அது தப்புன்னா பல்கலைக்கழகங்களை இணைச்சது தப்பு. என் நியமனம் தப்பு. அந்த நியமனக் கூட்டத்துல எட்டு பேர் இருந்தாங்க, ஒருத்தரும் வாயைத் திறக்கல, நான்தான் அங்கயே இருந்தேனே. உங்க முதல் பட்டத்தை ஒப்புக்கிட்ட கூட்டத்துல மட்டும் யாரு பேசியிருப்பாங்க? அதையும் திருப்பிக் கொடுக்கறீங்களா?"

"தெரியலைங்க. இந்த ரெண்டுக்கும்தான் நான் சரிபார்த்தவன்."

"முதல் மினிட்ஸ்ல நீங்க கையெழுத்து போட்டாச்சு. இப்ப அது பொய்ங்கறீங்க. அப்ப நீங்க படிக்காம கையெழுத்து போட்ட ஆளு. பாடத்தோட பேரு பொறுப்புள்ள முடிவெடுத்தல். நான் எப்படி உங்களைத் தேர்ச்சி பண்றது? இது கட்டாயப் பாடம்." குரலைத் தாழ்த்தினார். "பேசாம கையெழுத்து போடுங்க. அஞ்சுக்கு அஞ்சு வாங்கற ஆளு நீங்க. சிறப்புக் கூட்டத்தை நினைச்சுப் பாருங்க, அந்த வகுப்புலேயே உருப்படியாப் பேசின ஒரே ஆளு."

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றேன்.

பதிவறையில் வரிசை எண் எடுத்தேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை. இருந்தாலும் பலகையில் என் எண் வரும்வரை நின்றேன். என் காகிதத்தில் மூன்று வரி இருந்தது. முதல் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. இரண்டாவது கூட்டத்தில் நான் மட்டும் பேசினேன். முதல் குறிப்பில் உள்ள என் கையெழுத்து தவறு. அங்கிருந்த பெண் அதைப் படிக்காமல் வாங்கி, எண்ணை முத்திரையிட்டு, தட்டில் போட்டாள்.

காகிதம் மேசை மேசையாக நகர்ந்தது. எட்டாவது நாள் அன்னுக்கா தொலைபேசியில் பேசினார். "வடிவத்துல தப்பு கிடைச்சிருக்கு," என்றபோது அவர் குரலில் பயமும் மகிழ்ச்சியும் சேர்ந்து இருந்தன. மர்யுத்தின் கடிதம் திரும்பப் பெறப்பட்டது, 'இப்போதைக்கு' என்ற சொல்லோடு. மற்ற குறிப்புகளை என்ன செய்வது என்று ஆராய ஒரு பணிக்குழு அமைத்தார்கள். அந்தப் பணிக்குழுவின் முதல் கூட்டத்தில் கோரம் இல்லை. கூட்டக் குறிப்புப் படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள்: கலந்துரையாடல் நடந்ததா, ஆம், இல்லை. 'இல்லை' என்று குறித்தால் நான்கு பக்க விளக்கம் இணைக்க வேண்டும். இதுவரை யாரும் குறித்ததில்லை.

எனக்குப் பூஜ்யம் போட்டார்கள். கட்டாயப் பாடம், அடுத்த முறை நடத்துவது இரண்டு வருடம் கழித்து. குடிநீர் நிறுவனத்துக்கு மின்சாரக் கம்பெனியிலிருந்து ஒருவர் நிரந்தர இயக்குநராக வந்துவிட்டார். நல்ல மனிதர். ஏரி குளிரில் உறைந்தால் குழாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதல் வாரம் என்னிடம் கேட்டார். விளக்கினேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். ஆலோசகர் மட்டும் மறுபடி அழைத்தார், சராசரி இன்னும் ஏறுமே என்று.

போன வெள்ளிக்கிழமை அடித்தளத்துக்குப் போனேன். மர்யுத் கால்வாயில் பாதித் தண்ணீர் விட்டிருந்தாள். முழுதாக விட அவளுக்கு மனம் வரவில்லை.

"பன்னெண்டாவது தடவையா வைக்கறாங்க," என்றாள். "செவ்வாய்க்கிழமை. இந்த விவகாரத்துக்கப்பறம் எல்லாருக்கும் ஆர்வம் வந்துடுச்சாம். மன்றத்துல எல்லாரும் வர்றாங்களாம்."

"அப்ப கோரம்?"

"சேந்துடும்."

செவ்வாய்க்கிழமைக் கூட்டச் செய்தி என் காதுக்கும் எட்டியிருந்ததால், மன்றத்தின் பதினேழு உறுப்பினர்களையும் வியாழக்கிழமையே ஒவ்வொருவராக நான் தொலைபேசியில் பிடித்திருந்தேன். அதை அவளிடம் சொன்னேன்.

"என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் உன் பக்கம்தான். மூடக் கூடாதுங்கறாங்க. கூட்டத்துல யாராவது நிச்சயம் சொல்லுவாங்க, கவலைப்படாதீங்கன்னாங்க."

"பதினேழு பேருமா?"

"பதினேழு பேரும்."

அவள் மதகைக் கொஞ்சம் தூக்கினாள். தண்ணீர் வழுவழுப்பாக வெளியே வந்தது. எங்கே குதிக்கப் போகிறது என்று பார்க்க இருவரும் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் நின்றோம். கலந்துரையாடல் எதுவும் நடக்கவில்லை.